எமரால்டு மதினிக்கு எதிராக ஒரு உபவாசம்

உங்களுக்கு வந்திருக்கிறது சந்தோஷம் இல்லை மதினி, அது ஒரு சுகக்கேடு, அதற்கு மாத்திரை இருக்கிறது என்று எனக்கு முதல்முதலில் சொன்னது என் சம்பந்தி எமரால்டு. எப்போது சொன்னாள் என்கிறீர்கள்? என் மகள் பெனிட்டா கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டு விருந்தில், பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு. என் இலையில் அப்போதுதான் பாயசம் ஊற்றியிருந்தார்கள். பாயசத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஒருத்தியிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா? அவள் சொல்வாள்.

பஸ் ஏறினதிலிருந்து ஏன் தண்ணீர் பாட்டிலும் கையுமாக இருக்கிறீர்கள், சர்க்கரையா என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் சொல்லத்தான் பாயசத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். நீங்களும் பாளையங்கோட்டை வரைக்கும்தானே? அப்போ நேரம் இருக்கிறது.

என் பேர் ஜெபக்கனி. ஊர் இட்டமொழிக்குப் பக்கம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன். வீட்டுக்காரர் கரண்ட் ஆபீஸில் லைன்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். மகன் கோயம்புத்தூரில். மகள் பெனிட்டாவைத்தான் மூலைக்கரைப்பட்டியில், இந்த எமரால்டு வீட்டில் கொடுத்திருக்கிறோம். நான் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கோவிலுக்குப் போவேன், வெள்ளிக்கிழமை பாஸ்டர் கிளாட்சனின் ஜெபவீட்டுக்குப் போவேன். ரெண்டு பேங்கில் கணக்கு வைத்திருக்கிறவள், ஒன்று மூழ்கினாலும் தப்பித்துக்கொள்வாள் என்று வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். பண்ணட்டும். அவர் ஒரு பேங்கிலும் கணக்கு வைக்காதவர்.

கல்யாணத்துக்கு முந்தின மாதங்களில் நான் இருந்த இருப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தூக்கம் என்னத்துக்கு என்று ஆகிவிட்டது. வீடு முழுக்க நானே வெள்ளையடித்தேன். சுண்ணாம்பு மிச்சமிருந்தது, பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவருக்கும் அடித்தேன். அவர்கள் பச்சை பெயின்ட் அடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பாட்டு தானாக வந்தது. போனில் பாடி, எங்கள் கோவில் பெண்கள் ஐக்கியத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் கோழி கூவுவதற்கு முன்னாலேயே அனுப்பினேன். அறுப்பின் பண்டிகை ஏலத்தில், காணிக்கையாக வந்த பூசணிக்காயை ஏலம் போடுகிறவர் தூக்கிக் காட்டினாரோ இல்லையோ, நான் கை தூக்கிவிட்டேன். அப்புறம் வாழைத்தார். அப்புறம் ஒரு கிடா. எதிர்த்துக் கேட்க ஆளே இல்லை. அதற்காக விட்டுவிட முடியுமா? எனக்கு எதிராக நானே ஏற்றிக் கேட்டேன். சபையில் ஒருத்தர்கூட என்னம்மா இது என்று கேட்கவில்லை. ஆண்டவர் ஜெபக்கனியை எடுத்துப் பயன்படுத்துகிறார் என்றார்கள். பாஸ்டர் கிளாட்சன் ஆவியின் அபிஷேகம் என்றார். அந்தக் கிடாவைப் பிடித்துக்கொண்டு நான் வீடு வரைக்கும் ஓடியே வந்தேன். கிடாவுக்குத்தான் மூச்சு வாங்கியது.

கல்யாண வீட்டில் மைக் என் கைக்கு வந்தது. வந்ததைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பாவைப் பார்த்ததும் அவருக்குள் ஏதோ கெட்ட ஆவி இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. முகம் அப்படி. மேடையை விட்டு இறங்கிப்போய் அவர் தலையில் கை வைத்து ஜெபித்தேன். வைத்தேன் என்று நான் சொல்கிறேன், அடித்தாள் என்று அவர் சொல்கிறார். மனிதர் டோப்பா வைத்திருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அது போய்ச் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் விழுந்தது. நல்லவேளை, உள்ளே விழவில்லை.

அந்த நேரம் மாப்பிள்ளை ஜாஸ்பர் மாலையும் கழுத்துமாக இறங்கி வந்தார். கோபப்படவில்லை. என் முழங்கையை மெதுவாகப் பிடித்து, வாங்க அத்தை, நாம ரெண்டு பேரும் போய்க் கொஞ்சம் தண்ணி குடிப்போம் என்றார். பின்கட்டு அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், லைட்டை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, என் பக்கத்திலேயே சும்மா உட்கார்ந்திருந்தார். பேச்சே கொடுக்கவில்லை. சின்ன வயசிலிருந்து இதே வேலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை மாதிரி அவ்வளவு பதவிசு. நல்ல வளர்ப்பு. அவருடைய அப்பாவின் வளர்ப்பாக இருக்கும்.

மறுநாள்தான் எமரால்டு பந்தியில் அப்படிச் சொன்னது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? மதினி, உங்களுக்கு விசுவாசம் பத்தாது என்றேன். பாயசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

சொன்னதில் தப்பு இல்லையே. அவள் கோவிலுக்கு வந்தால் கடைசி பெஞ்சு. கை தட்ட மாட்டாள். முழு இரவு ஜெபத்துக்குக் கூப்பிட்டால், நான் ஒன்பது மணிக்குப் படுக்கணும் மதினி என்பாள். உலகம் அழிகிற அன்றைக்கும் ஒன்பது மணிக்குப் படுத்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பார்ப்பாள். இப்படிப்பட்டவள் என் அபிஷேகத்தை நோய் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

ஆனால் விட்டுப்போயிற்றம்மா. ஐப்பசியில் ஒரு நாள் எல்லாம் விட்டுப்போயிற்று. பாட்டு இல்லை, ஜெபம் இல்லை, பசி இல்லை. கட்டிலில் படுத்தால் படுத்ததுதான். கர்த்தர் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார் என்றே நினைத்தேன். ஜெபவீட்டுப் பெண்கள் வந்து பார்த்தார்கள். ஒருத்தி தசமபாகக் காணிக்கை பாக்கியா என்றாள். ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரி கண் என்றாள். சுவரில் சுண்ணாம்பு அடித்தால் கண் வைக்காமல் என்ன செய்வாள்? இன்னொருத்தி, காணிக்கைக் கிடாவை அடித்து ஊருக்குச் சோறு போடாமல் வீட்டில் கட்டி வைத்திருப்பதால்தான் என்றாள். பேச்சு வந்த பக்கம் பார்த்தேன், அவளுக்குக் கறி தின்கிற முகம். எல்லாரும் ஒரு குரலில், எழும்பு ஜெபக்கனி, மனசைத் திடப்படுத்து என்றார்கள். எழும்பத் தெரிந்தால் எழும்ப மாட்டேனா?

எமரால்டு வந்தாள். வந்தவள் ஜெபிக்கவில்லை. புத்தி சொல்லவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மதினி, முழுசா எழும்ப வேண்டாம், ஒரு காலை மட்டும் கீழே வையுங்க என்றாள். இது என்ன வைத்தியம்? எந்த டாக்டர் இப்படிச் சொல்வான்? அவள் தொல்லை பொறுக்காமல் ஒரு காலை வைத்தேன். போதும், இன்னைக்கு இது போதும் என்று அவளே காலை எடுத்து மேலே வைத்தாள். மறுநாள் இரண்டு கால். அப்புறம், குளிக்க வேண்டாம், மூஞ்சி மட்டும் கழுவுங்க என்றாள். அப்புறம் மடியில் ஒரு கை சின்ன உள்ளியைக் கொட்டி உரிக்கச் சொன்னாள். நான் உரித்துக்கொண்டே அழுதேன். உள்ளி உரிக்கிறவள் அழுதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் இல்லையா? அந்தச் சௌகரியம் அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

அந்த உள்ளிக்கு நடுவில்தான் கேட்டாள்.

"மதினி, சாகணும்னு தோணுதா?"

சட்டியை இறக்கட்டுமா என்று கேட்கிற குரலில் கேட்டாள். அதுவரைக்கும் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. ஜெபித்தவர்கள் கேட்கவில்லை, பெற்ற பிள்ளைகள் கேட்கவில்லை, நான் என்னையே கேட்கவில்லை. ஆமா மதினி என்றேன். ஆனால் அதுக்கும் எழும்பணுமே, அதான் அலுப்பா இருக்கு என்றேன். அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையில முதல் பஸ்ஸுல பாளையங்கோட்டை போறோம், அதுவரைக்கும் நான் இங்கதான் படுப்பேன் என்று கட்டிலுக்குக் கீழே பாயை விரித்தாள். மணி ஒன்பது. பொத்தென்று படுத்துத் தூங்கிவிட்டாள். காவல் காக்க வந்தவள் குறட்டை விடுகிறாள் என்று வீட்டுக்காரர்தான் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் ஒரு சின்னப் பெண். என் மகள் வயசுதான் இருக்கும். பொறுமையாகக் கேட்டாள். ஏலத்தையும் டோப்பாவையும் சொன்னபோது மட்டும் குனிந்து எழுதுகிற மாதிரி சிரித்தாள். இதற்கு பைபோலார் என்று பேர், மனசு ஒரேயடியாக மேலே போகும், ஒரேயடியாகக் கீழே விழும், இரண்டும் ஒரே நோய்தான் என்றாள். எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்காரருக்கு விளங்கிவிட்டது. ஹை வோல்டேஜ், லோ வோல்டேஜ், அப்படித்தானே? ஸ்டெபிலைசர் வைக்கணும் என்றார். டாக்டர் அசந்துபோய், இந்த மாத்திரைக்கே அதுதான் பேர் என்றாள். மனுஷனுக்கு ஏக பெருமை. முப்பது வருஷம் கம்பத்தில் ஏறினது வீண் போகவில்லை என்று போகிற வருகிறவரிடம் எல்லாம் சொன்னார்.

மாத்திரை ஒரு மாதிரி உப்பாம். உடம்பில் தண்ணீரும் சாப்பாட்டு உப்பும் குறைந்தால் அது ரத்தத்தில் ஏறி விஷமாகிவிடுமாம். அதனால் தண்ணீர் குடிக்க வேண்டும், ரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும், வாந்தி பேதி என்றால் உடனே ஓடி வர வேண்டும். இதெல்லாம் டாக்டர் சொன்னாள். கவனியுங்கள், உபவாசம் என்ற சொல்லை அவள் சொல்லவே இல்லை. தண்ணியைக் குறைக்காதேன்னா உபவாசம் கூடாதுன்னுதானே அர்த்தம் என்று வீட்டுக்காரர் இப்போதும் வாதாடுகிறார். அதெப்படி? ஆஸ்பத்திரிக் காரியம் வேறு, ஆவிக்குரிய காரியம் வேறு என்றுதானே நான் நினைப்பேன்.

மாத்திரை மெதுவாக வேலை செய்தது. ஒரு காலையில் கிடாவுக்கு அகத்திக்கீரை ஒடித்துக்கொண்டு நின்றேன். ஒடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, நானாக எழும்பி வந்திருக்கிறேன் என்று. கை மட்டும் லேசாக ஆடும். காப்பி தட்டில் கொஞ்சம், தம்ளரில் கொஞ்சம். அது மாத்திரையின் குணமாம். பழைய பாட்டு வரவில்லை என்று கொஞ்சம் வருத்தம்தான். பெண்கள் ஐக்கியத்தில் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். பெனிட்டா உண்டானாள். எங்கள் பக்கம் தலைப்பிள்ளைக்குத் தாய் வீடு. அது சட்டம். ஏழாம் மாதம் பெண்ணைக் கூட்டி வர வேண்டும், பிள்ளை பெற்றுத் தேற்றி அனுப்ப வேண்டும். நான் அறையைக் கழுவி விட்டேன், பழைய வேட்டியை எல்லாம் கிழித்துத் துவைத்து மடித்து வைத்தேன். எந்தத் தாய்க்கும் இது ஒன்றுதானே ஆசை? மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும், அந்த அம்மா வீட்டுக்குப் பிள்ளைத்தாச்சியை அனுப்பக் கூடாது என்றாராம். தலையில் அடிபட்டவர், சொல்லத்தான் செய்வார். நான் எமரால்டிடமே கேட்டேன். அவள் ஒரே வார்த்தை சொன்னாள். பார்ப்போம்.

பார்ப்போமாம். மாட்டேன் என்றால் சண்டை போடலாம். சரி என்றால் கூட்டி வரலாம். பார்ப்போம் என்றால் என்ன செய்ய? என்னைக் கட்டிலிலிருந்து எழுப்பிவிட்டு, எழும்பினவளிடம் என் பிள்ளையை நம்பிக் கொடுக்க யோசிக்கிறாளே என்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கர்த்தரிடம் போவதைத் தவிர வழி தெரியவில்லை. எமரால்டு என்றால் கல்தானே? அந்தக் கல்லை இளக்கும் ஆண்டவரே என்று தண்ணீர்கூட இல்லாத மூன்று நாள் உபவாசம் எடுத்தேன். வீட்டுக்காரருக்குத் தெரியாது. சோற்றைக் கிடாவுக்கு வைத்துவிட்டு ஏப்பம் விட்டுக் காட்டுவேன். மாத்திரையை மட்டும் விடவில்லை. டாக்டர் சொன்னபடி விசுவாசமாக, எச்சிலைக் கூட்டி விழுங்கினேன்.

இரண்டாம் நாள் வாந்தி. உள்ளே இருக்கிற கசப்பெல்லாம் வெளியே போகிறது என்று சந்தோஷப்பட்டேன். கை ஆட்டம் தோள் வரைக்கும் ஏறியது. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜெபவீட்டுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனேன். காலையில் பெனிட்டா போன் பண்ணினாள், பேசினேன், ஏம்மா இப்படிப் பேசுறே என்றாள். வாய் கொழகொழவென்று இருந்தது. ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

ஜெபவீட்டில் நான் நிற்க முடியாமல் ஆடினேன். பாஸ்டர் கிளாட்சன் பார்த்தார். ஆவியானவர் அசைவாடுகிறார் என்று மைக்கில் சொன்னார். எல்லாரும் என்னைச் சுற்றி நின்று கை தட்டினார்கள். எனக்குத் தலை சுற்றுகிறது, யாராவது பிடியுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு சொல்லும் உருவாக வரவில்லை. ஆவி வந்தவர் பேசுகிற அந்நிய பாஷை என்றார் பாஸ்டர். சபை ஆர்ப்பரித்தது. அவர் அதற்கு அர்த்தமும் சொன்னார். ஜெபவீட்டுக்கு மேல்தளம் போடுகிற காலம் வந்துவிட்டது என்று என் மூலமாகக் கர்த்தர் பேசுகிறாராம். தரையில் விழும்போது, மேல்தளத்துக்கு நான் ஏன் சாக வேண்டும் என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்போது எமரால்டு உள்ளே வந்தாள். அவள் வாழ்நாளில் வந்த ஒரே ஜெபக்கூட்டம் அதுதான். அதுவும் செருப்போடு. பெனிட்டா என் பேச்சு குழறினதைச் சொன்ன உடனே, அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுக் கார் பிடித்து வந்திருக்கிறாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என் கண்ணைத் திறந்து பார்த்து, கையைத் தூக்கி ஆட்டத்தைப் பார்த்தாள்.

"மதினி, கடைசியா எப்பம் தண்ணி குடிச்சிய?"

நான் மூன்று விரலைக் காட்டியிருக்கிறேன். பாஸ்டர், அம்மா இது பரிசுத்த நேரம், தடை பண்ணாதீர்கள் என்றார். அவள் அவரைப் பார்த்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"ஐயா, ஆவி வந்தா கண்ணு சொருகாது. இது உப்பு. சாகப் போறா. தள்ளுங்க."

விலகிவிட்டார்கள். தட்டிக்கொண்டிருந்த கைகளே என்னைத் தூக்கிக் காரில் போட்டன.

ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். இன்னும் ஒரு பொழுது போயிருந்தால் கிட்னி போயிருக்கும், ஆளே போயிருக்கலாம் என்றாள் அந்தச் சின்ன டாக்டர். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, எமரால்டிடம் சொன்னாள். எமரால்டு எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி, ரத்தத்தில் அளவு எத்தனை இருந்தது, எத்தனைக்கு இறங்கியிருக்கிறது என்று கேட்டாள். டாக்டரும் டாக்டரும் பேசுகிற மாதிரி இருந்தது. இதெல்லாம் இவள் எங்கே படித்தாள்? டிவியில் வருமாயிருக்கும்.

பெனிட்டா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நான் பிள்ள பெறதுக்கு வீடு கேக்கலம்மா. வீடு அங்கயும் இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இனி அனுப்ப மாட்டார்கள். மடித்து வைத்த துணியை எல்லாம் யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான். என் பக்கத்து நியாயத்தையும் பாருங்களேன்: அவள் பார்ப்போம் என்று சொல்லாமல் சரி என்று சொல்லியிருந்தால் நான் ஏன் உபவாசம் எடுக்கிறேன்? இதை எமரால்டிடமும் சொன்னேன். அவள் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். சுளையை என் வாயில் வைத்தாள், மேலே பேச முடியாதபடி.

பிறகு, பெனிட்டா உங்க வீட்டுக்கு வருவா மதினி, நானும் வருவேன் என்றாள்.

எனக்குக் காவலா என்று கேட்டேன்.

"காவல் இல்ல. ரெண்டு பேரும் இருந்தா, எப்பவும் ரெண்டுல ஒருத்தி நேரா நிப்போம்."

பாவம், அவளுக்கு மூட்டுவலி. அதைத்தான் சொல்கிறாள்.

மருமகள் பேறுகாலத்துக்கு மாமியாரும் பெட்டியோடு வந்து இறங்கின கதை எங்கள் தெருவிலேயே முதல் கதை. சிரிக்காத ஆள் இல்லை. வந்தவள் என் வீட்டுக்குச் சட்டம் போட்டாள். ஒன்பது மணிக்கு விளக்கு அணையும். என் போனை அவள் பெட்டியில் வைத்துப் பூட்டுவாள். விடிந்த பிறகுதான் தருவாள். காலையில் கிடாவைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் குளத்தங்கரை வரைக்கும் நடக்க வேண்டும். குழம்பில் உப்பு என்றால் அவளுக்கு இன்னும் ஒரு கை. கறுப்பட்டிக் காப்பி போடத் தெரியாது, என் காப்பியைக் குறை சொல்வாள். நான் வசனம் வாசிப்பேன், அவள் தண்ணீர்ச் செம்பை நீட்டுவாள். ஜெபம் முடிந்து ஆமென் என்றால் குடிக்க வேண்டும். இப்போது எனக்கு ஆமென் என்றாலே தாகம் எடுக்கிறது.

இரவு இரண்டு பேரும் சேர்ந்து மாத்திரை போடுவோம். அவளுக்கு பிரஷராம். அவளுடையதும் என்னுடையது மாதிரியே வெள்ளை. ஒரு நாள் என் அட்டை தீர்ந்துபோயிற்று. நல்ல மழை, கடைக்குப் போக ஆள் இல்லை. அவள் தன்னுடையதில் ஒன்றை எடுத்துத் தந்தாள். உங்க பிரஷர் மாத்திரை எனக்கு எப்படி ஆகும் மதினி என்றேன். அட்டையில் போட்டிருப்பதை வாசித்துக் காட்டி, அளவும் ஒண்ணுதான், ஆகும், போடுங்க என்றாள். போட்டேன். நன்றாகத்தான் ஆயிற்று. பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், ஜெபக்கனி, நீ ஒரு டியூப்லைட் என்றார். எதற்குச் சொன்னார் என்று இதுவரைக்கும் தெரியவில்லை. கரண்ட் ஆபீஸ் புத்தி.

ஒரு நாள் விடியலில் எனக்கு உலகத்தில் இருக்கிற பாத்திரத்தை எல்லாம் விளக்கிவிட வேண்டும் போலிருந்தது. கூடவே ஒரு பாட்டும் வந்தது. எமரால்டு எழுந்து வந்தாள். பாட்டு நல்லாருக்கு மதினி, டாக்டரையும் கேக்க வைப்போம் என்று போனைப் போட்டாள். மாத்திரையைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார்கள். பாட்டு நின்றது. பாத்திரம் பாதியில் கிடந்தது, அவள்தான் விளக்கினாள்.

இன்னொரு வாரம் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். குளிக்கவில்லை, நடக்க வரவில்லை, என் காப்பியைக் குறைகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. பிள்ளைத்தாச்சியைப் பார்க்கிற அலுப்பு, வேறென்ன. நான் அவளிடம் கற்ற வித்தையை அவளுக்கே காட்டினேன். குளிக்க வேண்டாம் மதினி, மூஞ்சி மட்டும் கழுவுங்க என்றேன். உள்ளியை மடியில் கொட்டினேன். அவள் கேட்ட அந்தக் கேள்வியையும் கேட்டேன், அதே குரலில். அவள் கையிலிருந்த உள்ளியை உரித்துப் போட்டாள். இந்தத் தடவை இல்ல மதினி என்றாள். அப்படியே என் தோளில் சாய்ந்துவிட்டாள். கனமான பொம்பளை. மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன், அவர் வந்து டாக்டரிடம் கூட்டிப் போனார். பிரஷர்தான் ஏறியிருக்கும்.

பெனிட்டாவுக்குப் பெண் பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சொந்தம் எல்லாம் வந்திருந்தது. பெரியப்பாவும் வந்திருந்தார், தலையில் தொப்பியோடு, எனக்கு எட்டாத தூரத்தில். பிள்ளையை யார் முதலில் வாங்குவது என்றால் தாய்வழிப் பாட்டி. நான் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன். ஆடுகிற கை. இவ்வளவு பேர் பார்க்கிறார்கள். நீங்க வாங்குங்க மதினி என்று எமரால்டிடம் சொன்னேன். அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். முந்தானையை விலக்கி என் கையை வெளியே எடுத்தாள். அப்போதுதான் பார்த்தேன், அவள் கையும் என் கை மாதிரியே ஆடுகிறது.

"ஆடுற கையில பிள்ள சீக்கிரம் தூங்கும். பிடிங்க."

பிடித்தேன். தூங்கிவிட்டது. பெனிட்டா கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா, தலையைத் தாங்கிப் பிடி என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடித் தூங்கிவிட்டாள். என் கையில் அவள் பிள்ளை இருக்கும்போது அவள் தூங்கினாளம்மா. எனக்கு அது போதும். மேல்தளம், அபிஷேகம் எல்லாம் யாருக்கு வேண்டும்?

பேத்திக்கு இப்போது தலை நின்றுவிட்டது. போன வாரம்தான் மூலைக்கரைப்பட்டிக்கு அனுப்பி வைத்தோம், எமரால்டையும் பெட்டியையும் சேர்த்து. இன்றைக்கு எனக்கு ரத்தம் எடுக்கிற நாள். அவளும் வருவாள். ஒவ்வொரு தடவையும் வருவாள், எனக்குத் துணைக்காக அவளும் ஒரு டோக்கன் போடுவாள், அவளுக்கும் ரத்தம் எடுப்பார்கள். துணைக்கு வருகிறவர்கள் காப்பி குடிப்பார்கள், பத்திரிகை பார்ப்பார்கள். ரத்தம் கொடுக்கிறவளை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தவள்தான். இப்போதெல்லாம் என் முதல் ஜெபமே அவளுக்குத்தான். ஆண்டவரே, எனக்கு வந்த இந்த நோய் என் மதினிக்கு மட்டும் வந்துவிடக் கூடாது என்று தினமும் கேட்கிறேன். அதைச் சொன்னால் அவள் செம்பை நீட்டி, தண்ணியைக் குடிங்க மதினி என்கிறாள்.

ஆ, மூலைக்கரைப்பட்டி வந்தாச்சு. அந்தா நிற்கிறாள் பாருங்கள், பச்சைச் சேலை. இந்தப் பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்கிறீர்களா? அவள் உட்காரட்டும்.